ரீசெட் எடு

விருதுநகர்ச் சந்தையில் கெர்னல் என்றால் தோடு உடைத்த நிலக்கடலைப் பருப்பு. பன்னிரண்டு வயதில் அந்தக் கெர்னல் மூட்டையை முதுகில் ஏற்றியவன் நான். இன்றைக்கு லினக்ஸ் கெர்னலுக்குள் ஓடுகிற ஒரு டிரைவரில் எந்த வரி முந்தி வர வேண்டும், எது பிந்தி வர வேண்டும் என்று சொல்லி, சொன்னபடி மாற்ற வைத்தவனும் நான்தான். இரண்டு கெர்னலையும் தொட்ட ஆள் இந்த மாவட்டத்தில் இன்னொருவர் இருந்தால் என் பட்டறைக்கு வரட்டும். டீ வாங்கித் தருகிறேன், வடையோடு.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதுவும் பாதிதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. கேட்கிறவர்களுக்குத்தான் ஏனோ வெட்கமாக இருக்கிறது. மூட்டைக்குப் பிறகு ரேடியோ ரிப்பேர், அப்புறம் ஸ்டெபிலைசர், அப்புறம் அச்சு மெஷின்களுக்குப் பேனல் போர்டு. எதையும் ஒருவர் உட்கார வைத்துக் கற்றுத் தரவில்லை. எரிந்துபோனதைப் பிரித்துப் பார்த்தேன், எரியாததையும் பிரித்துப் பார்த்தேன், வித்தியாசம் தெரிந்தது. சூலக்கரைக்குப் போகிற ரோட்டில் என் பட்டறை இருக்கிறது. அங்கே செய்து, என் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிய பெட்டிகள் சிவகாசியில் பதினொரு அச்சகங்களில் ஓடுகின்றன. ஒட்டிய ஸ்டிக்கரை எவரும் உரித்தது கிடையாது.

போன காலண்டர் சீசனில் ஒருவர் உரிக்கப் பார்த்தார். அதைத்தான் எழுதுகிறேன்.

தினசரி காலண்டர் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும். காலையில் ஒரு தாளைக் கிழித்து, எண்ணெய்ப் பலகாரம் மடிக்க வைத்துக்கொள்வீர்கள். அந்தத் தாள் கட்டில் முந்நூற்றுச் சொச்சம் தாளும் வரிசை தப்பாமல் விழ வேண்டும். மெஷின் தாளைச் சேர்த்துக்கொண்டே போகும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டாலோ ஒன்று நழுவினாலோ வருஷத்தில் ஒரு நாள் காணாமல் போகும். முன்பெல்லாம் பெண்கள் கட்டை விரலால் புரட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். நான் அதற்கு ஒரு கண் வைத்துக் கொடுத்தேன். பெல்ட்டுக்கு மேலே ஒரு கேமரா. தாள் கடக்கும்போது தேதியைப் படிக்கும். பதினான்குக்குப் பின்னால் பதினாறு வந்தால் மெஷினை நிறுத்திவிடும்.

கேமராவிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிச் சுவரில் என் பெட்டி. அதற்குள் உள்ளங்கை அகலத்தில், லினக்ஸில் ஓடுகிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டு. போர்டின் அடிமட்டத்தில் ஓடுவது கெர்னல். அந்தக் கெர்னலுக்குக் கேமராவோடு பேசத் தெரியாது. பேசுவதற்கென்று எழுதி உள்ளே சேர்த்த சின்ன நிரலுக்குப் பெயர் டிரைவர். கேமராவுக்கு எப்போது கரண்ட் கொடுப்பது, எப்போது எழுப்புவது, எழுந்துவிட்டதா என்று எப்படிக் கேட்பது, எல்லாம் அதன் பொறுப்பு.

எழுப்புவதற்குத்தான் ரீசெட். கேமரா சிப்பில் அதற்கென்று ஒரு கால் உண்டு. அந்தக் காலில் மூன்று வோல்ட் இருந்தால் சிப் வேலை செய்யும். பூஜ்யத்துக்கு இறக்கினால் எல்லாவற்றையும் மறந்து அசையாமல் கிடக்கும். மறுபடி ஏற்றினால் அப்போதுதான் பிறந்த மாதிரி முதலிலிருந்து தொடங்கும். இதற்குப் பட்டப் படிப்பு வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள்.

டிரைவரை எழுதியது எங்களூர்ப் பெண் ஒருத்தி. அவள் அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தவள், பிள்ளை பிறந்த பிறகு விருதுநகருக்கே வந்துவிட்டாள். வீட்டில் இருந்தபடி எனக்கு எழுதித் தருகிறாள். மெஷினில் என்ன நடக்க வேண்டும் என்று நான் தமிழில் ஒரு தாளில் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்புவேன். அவள் அதை நிரலாக்குவாள். எனக்கு இங்கிலீஷ் வராது, அவளுக்கு ஈயம் பற்றவைக்க வராது. அதனால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை, அந்தப் புதன்கிழமை வரைக்கும்.

புதன்கிழமை காலையில் அச்சக முதலாளி போன் செய்தார்.

"அண்ணாச்சி, உங்க பெட்டி என்ன, ஸ்டிரைக்குல இருக்கா?"

"ஏன் முதலாளி, என்ன செய்யுது?"

"ஒண்ணுமே செய்யல. அதான் சங்கடம். பச்சை லைட்டப் போட்டுக்கிட்டு சும்மா நிக்கு. இங்கன வந்து பாருங்க."

போய்ச் சேர்ந்தபோது பெல்ட் நின்றிருந்தது. அந்த மெஷினில் இருபது வருஷமாக நிற்கிற பெண்ணுக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் அக்கா. முதலாளிகூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். கோளாறைக் கண்டுபிடித்ததும் அவள்தான். என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சத்தமாகக் கேட்டாள்.

"வாங்க அண்ணாச்சி. சாப்பிட்டீகளா? உங்க கண்ணு காலையிலருந்து பதினாலாந் தேதியவே பாத்துக்கிட்டு இருக்கு. அன்னைக்கு என்ன, உங்களுக்குப் பொண்ணு பாக்கப் போற நாளா?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் திரையைப் பார்த்தேன். பெல்ட்டில் கிடந்த தாள் ஆகஸ்ட் மாதத்தது. திரையில் மார்ச் பதினான்கு. அப்படியே உறைந்து நின்றது.

நடந்தது இதுதான். அன்று காலையில் கரண்ட் ஒரு நொடி போய் வந்திருக்கிறது. பெட்டிக்குள் நான் பேட்டரி வைத்திருக்கிறேன், அது அசையவில்லை. கேமராவுக்குக் கரண்ட் மெஷினிலிருந்து, டிரைவர் போட்டு அணைக்கிற ஒரு சுவிட்ச் வழியாகப் போகிறது; அது அணைந்து மறுபடி வந்திருக்கிறது. வந்ததும் டிரைவர் அதற்கு ரீசெட் கொடுத்துப் புதிதாக எழுப்ப வேண்டும். எழுப்பியும் கேமரா அரைத் தூக்கத்தில் இருந்திருக்கிறது. பெயரைக் கேட்டால் சொல்கிறது, புதுப் படம் மட்டும் அனுப்புவதில்லை. திரை கடைசியாக வந்த பதினான்கையே காட்டிக்கொண்டிருக்க, பெட்டியோ தாள் இன்னும் நகரவில்லை போல என்று பொறுமையாகக் காத்திருந்தது. தப்பென்று தெரிந்தால்தானே நிறுத்தும்? பெல்ட் பாட்டுக்கு ஓடியிருக்கிறது.

அதற்குள் இரண்டு தள்ளுவண்டிக் காலண்டர் சேர்ந்துவிட்டது. அக்காவும் ஐந்தாறு பெண்களும் உட்கார்ந்து அத்தனையையும் கையால் புரட்டினார்கள். ஒரு கட்டில் ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்று இல்லை.

"இது லோடுல ஏறிப் போயிருந்தா?" என்றார் முதலாளி. "கல்யாண வீட்டுக்காரன் தேதியக் காணோம்னு எனக்குல்ல போன் போடுவான்?"

அவர் பக்கத்தில், சட்டையை உள்ளே விட்டு ஒருவர் நின்றார். வெளியூர்க்காரர். வெளிநாட்டு மெஷின் விற்கிற ஒரு கம்பெனியின் ஏஜெண்ட். இந்தக் கண்ணுக்குப் பதிலாக வேறு கண் விற்பதற்காக இரண்டு வருஷமாக அந்த அச்சகத்துக்கு வந்து போகிறவர். என் பெட்டியை ஒரு விரலால் தட்டினார்.

"லோக்கல் மேக் இப்படித்தான் சார் இருக்கும். கரண்ட் போய் வந்தால் பெட்டியை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க. அதுவரைக்கும் ஓட்டலாம்."

பெட்டி முழுதாக எழுந்து வர ஒரு நிமிஷத்துக்கு மேலாகும். சிவகாசியில் ஒரு காலைப் பொழுதில் கரண்ட் எத்தனை முறை கண் சிமிட்டும் என்று அவருக்குத் தெரியுமா?

"கண்ணு இமைக்க மறந்ததுக்கு ஆளையே குளிப்பாட்டி எழுப்பச் சொல்றீக," என்றேன். "அது வைத்தியம் இல்ல சார், சாக்கு."

அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்றார்.

"உங்களுக்குப் பதில் சொல்ற வரைக்கும்."

முதலாளி கையை உயர்த்தி எங்கள் இருவரையும் நிறுத்தினார். "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாக்கேன். அதுக்குள்ள உங்க கண்ணு முழிக்கலைன்னா சனிக்கிழமை இவுக பெட்டி வந்துரும். சீசன் நேரம், என்னைத் தப்பா நெனைக்காதீக."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அவர் இடத்தில் நானிருந்தால் வியாழக்கிழமையே உரித்திருப்பேன். ஆனால் ஓர் இடத்தில் ஸ்டிக்கர் உரிந்தால் மற்ற பத்து இடத்திலும் உரியும். காலையில் வேன் வந்து ஆட்களை இறக்குகிற நேரத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விடும், அந்த அஞ்சாம் வகுப்பு அண்ணாச்சி பெட்டியைத் தூக்கிவிட்டார்களாம் என்று. ஐம்பது வருஷத்து வேலை எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். விடுவேனா?

வியாழக்கிழமை பட்டறையில் அதே மாதிரிக் கேமராவை மேஜையில் வைத்து, கரண்டை நாற்பது தடவை பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். நாற்பது தடவையும் பதறாமல் எழுந்து படம் அனுப்பியது. வாத்தியார் மகளுக்குப் போன் போட்டேன்.

"டிரைவர்ல தப்பு இல்ல அண்ணாச்சி," என்றாள். "உங்க மேஜையிலயே ஓடுதுல்ல? அப்பம் அங்கன உங்க ஒயரத்தான் பாக்கணும்."

"என் ஒயரா? நான் ஒயர் இழுக்க ஆரம்பிச்சப்ப நீ பொறக்கவே இல்ல தாயி."

"அதனாலதான் சொல்றேன். ஒயரும் பளசாயிருக்கும்."

வாய்க்காரி. எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. "நாளைக்குக் காலையில கெளம்பு. சிவகாசியில வச்சு உன் டிரைவரா என் ஒயரான்னு பாத்துருவோம்," என்றேன். பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தோளில் லேப்டாப்போடு வந்து அந்த அச்சகத்துக்குள் முதல் முறையாகக் கால் வைத்தாள். தான் எழுதிய டிரைவர் ஓடுகிற இடத்தை அதுவரை அவள் பார்த்ததே இல்லை. மை வாடை, மோட்டார் இரைச்சல், பக்கத்தில் காலண்டர் கட்டுக்குக் கம்பிப் பின் அடிக்கிற மெஷின் டக் டக்கென்று அதிர்கிறது. "இம்புட்டுச் சத்தத்துலயா இது வேலை பாக்கு?" என்று கேட்டாள். என் பழைய ஸ்கோப்பைத் தூக்கி வைத்தேன். கம்பியில் ஏறி இறங்குகிற வோல்டேஜைக் கோடாக வரைந்து காட்டுகிற கருவி அது. அதன் முனையை, கேமரா பக்கம் ரீசெட் காலில் மாட்டினேன்.

"இப்ப கரண்டப் போட்டு எடுக்கச் சொல்லு."

அக்கா கேமராவுக்குக் கரண்ட் போகிற சுவிட்சை இறக்கி ஏற்றினாள். கேமராவின் கரண்டோடு அந்தக் கோடும் இறங்கி, திரும்ப ஏறியது. ஏறிய பிறகு, டிரைவர் ரீசெட் கொடுக்கிற இடத்தில் கோடு மறுபடி அடிமட்டத்துக்கு விழ வேண்டும். விழவில்லை. கொசு உட்கார்ந்து எழுந்த மாதிரி லேசாக ஆடிவிட்டு மேலேயே நின்றது. திரையில் பழைய தேதி.

"பாத்தியா? நீ ரீசெட்டே குடுக்கல தாயி."

"குடுத்திருக்கேன் அண்ணாச்சி. இந்தா, இந்த வரி."

லேப்டாப்பில் காட்டினாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாவிட்டாலும் எண் தெரியும். அங்கே ஒன்று என்று இருந்தது. நான் குதித்தேன்.

"ஒண்ணுன்னுல்ல போட்டிருக்க! பூஜ்யம் வந்தாத்தான் ரீசெட்டுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

அவள் பதறவில்லை. "அது கம்பியோட பூஜ்யம் இல்ல அண்ணாச்சி. ஒண்ணுன்னா ரீசெட் இருக்குன்னு அர்த்தம், அம்புட்டுதான். இது தலைகீழ்க் கம்பின்னு வேற எடத்துல கெர்னலுக்குச் சொல்லி வச்சிருக்கேன். நான் ஒண்ணுன்னு சொன்னா அது கம்பியில பூஜ்யமாத் திருப்பிக்கிடும்."

நான் நம்பவில்லை. அந்த வரியிலேயே நிறுத்தி வைக்கச் சொல்லி மீட்டரை வைத்துப் பார்த்தேன். பூஜ்யம். மீட்டர் அவள் பக்கம் நின்றது. மீட்டரோடு நான் என்றைக்கும் வாதாடுவதில்லை.

"சரி, எம்புட்டு நேரம் இறக்கி வைக்க?"

"பத்து மைக்ரோ செகண்டு. சிப்போட புத்தகத்துல ஒண்ணே போதும்னு இருக்கு. நான் பத்து மடங்கு குடுத்திருக்கேன்."

அவள் அதைச் சொன்ன நேரத்தில் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கேமராவின் அடியில் ரீசெட் காலோடு என் கையால் பற்றவைத்த ஒரு மஞ்சள் கெப்பாசிட்டர் இருக்கிறது. ஒரு டீ சொல்லி வாங்கிக் குடித்தேன். உண்மையைத்தான் எழுதுகிறேன், அந்த டீயை மெதுவாகத்தான் குடித்தேன். அதற்குள் அவளே குனிந்து பார்த்துவிட்டாள்.

"இது என்ன அண்ணாச்சி, மஞ்சளா?"

"கெப்பாசிட்டர்."

"நீங்க அனுப்புன படத்துல இல்லையே?"

"படத்துல எதுக்கு? அது என் கைவழக்கம்."

பட்டறையில் மாட்ட மாட்டேன். அச்சகத்தில் பெட்டியைப் பொருத்துகிற அன்று, கடைசியாக அதை வைத்துப் பற்றவைப்பேன். காரணம் உண்டு. மூன்று மீட்டர் நீளக் கம்பி, பக்கத்தில் பின் அடிக்கிற மெஷின். அது ஒவ்வொரு தடவை உதைக்கும்போதும் கம்பியின் வோல்டேஜில் ஒரு கீறல் விழும்; அந்தக் கீறலையே ரீசெட் என்று நினைத்துச் சிப் தன்பாட்டுக்கு மறதியில் போய்விடும். முதல் அச்சகத்தில் இதற்காக ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்த மருந்து அது. கெப்பாசிட்டர் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி மாதிரி. யாராவது குழாயை ஒரு நொடி திறந்து மூடினால் தொட்டியின் மட்டம் இறங்காது. மெஷினின் உதை அதில் அடங்கிவிடும்.

அவளுடைய பத்து மைக்ரோ செகண்டும் அதிலேயே அடங்கிவிட்டது. அதுதான் கோளாறு. பல சிமிட்டல்களில் கேமரா தானாகவே எழுந்துவிடும், அதனால்தான் இத்தனை நாள் வெளியே தெரியவில்லை. என் மேஜையில் தொட்டி இல்லை, அதனால் நாற்பது தடவையும் ஓடியது.

"அப்பம் ஒயர்தான்," என்றாள், ரொம்பச் சந்தோஷமாக. "அந்த மஞ்சள எடுத்துருங்க, சரியாப் போகும்."

"எடுக்க மாட்டேன்."

"ஏன் அண்ணாச்சி?"

"எடுத்தா இப்பம் ஓடும். ஒரு மணி நேரத்துல பின் மெஷின் உதைச்ச உதையில தானா ரீசெட் ஆகி நிக்கும். அப்பம் யார் வருவா, நீயா? அது இருக்கட்டும். உன்ன யாரு பத்து மைக்ரோ செகண்டு தட்டச் சொன்னா? நான் தட்டவே சொல்லலையே. பிடிச்சு வைக்கத்தானே சொன்னேன்?"

"எங்க சொன்னீக? காட்டுங்க."

போனைத் திறந்து என் கையெழுத்துப் படத்தை எடுத்தாள். சத்தமாகப் படித்தாள். "ஒன்று, கேமராவுக்குப் பவர் கொடு. ரெண்டு, பவர் நிலைக்கும்வரை பொறு. மூணு, ரீசெட் எடு." நிமிர்ந்து பார்த்தாள். "ரீசெட் எடுன்னு போட்டிருக்கீக. எடுத்தேன்."

"எடுன்னா எடுக்கணும் தாயி!"

"எடுத்தேன்ல!"

"எங்க எடுத்த? கொண்டுபோயி வச்சில்ல இருக்க?"

"எடுன்னா வைக்கத்தான செய்யணும்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றோம். என் குரல் மோட்டாரைத் தாண்டிப் போனது. அங்கங்கே தலைகள் திரும்பின. நடுவில் அக்கா தாள் கட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"ஏன் இப்படி அடிச்சுக்கிடுதீக? பந்தியில எலைய எடுன்னா என்ன செய்வோம்? தூக்கிப் போடுவோம். போட்டோ எடுன்னா? புதுசா ஒண்ணு எடுப்போம். அண்ணாச்சி எலைய எடுக்கச் சொல்லியிருக்காக. இந்தத் தாயி போட்டோ எடுத்திருக்கு. இதுக்குப் போயி என் பெல்ட்ட நிப்பாட்டிட்டீகளே!"

ஐந்தாறு வருஷமாக நான் அந்தத் தாளை எழுதுகிறேன். எங்கள் பேனல் வேலையில் ரீசெட் என்பது முதலிலேயே பிடித்திருக்கிற ஒன்று. பவர் வரும்போதே அது கீழே பிடித்திருக்கும்; எல்லாம் நிலைத்த பிறகு அதை எடுப்போம், அதாவது விலக்குவோம். முதலில் பிடி என்று நான் எழுதவே இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை. சோறு சாப்பிடு என்பவன் வாயைத் திற என்றும் எழுதுவானா? ஆனால் அவள் படித்த படிப்பில் ரீசெட் எடுப்பது, ஒரு செயலைச் செய்வது. படம் எடுப்பது போல, பேட்டி எடுப்பது போல. பவர் வருகிற வரை கம்பியைச் சும்மா விட்டு, வந்த பிறகு ஒரு தட்டு.

என் சொல்லில் தப்பில்லை. அவள் படித்ததிலும் தப்பில்லை. நடுவில் கேமராதான் அரைத் தூக்கத்தில் கிடந்தது.

"மாத்து," என்றேன். "பவர் குடுக்கிறதுக்கு முந்தியே ரீசெட்டக் கீழ பிடி. அப்புறம் பவர் குடு. இருபது மில்லி செகண்டு பொறு. அதுக்கப்புறம் விடு."

அவள் விரலை மடக்கி யோசித்தாள். "பத்து மைக்ரோ எங்க, இருபது மில்லி எங்க. ரெண்டாயிரம் மடங்கு."

"போதுமா?"

"உங்க தொட்டி தரை தெரியக் காலியாயிரும்."

"அப்பம் என் மஞ்சள் இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள். அதோடு விடவில்லை. "ஆனா படத்துல வரைஞ்சு குடுங்க. இல்லாட்டி நான் எழுத மாட்டேன்." தாள் கட்டு ஒன்றின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து, நான் வரைந்து கொடுக்கிற வரைக்கும் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. என்னிடம் அப்படி நின்று காரியம் சாதித்தவர்கள் குறைவு. வரைந்து கொடுத்தேன்.

எழுதும்போது அவளாக ஒன்று சேர்த்தாள். விட்ட பிறகு சிப் பெயரைச் சொன்னால் மட்டும் நம்பாமல், புதுப் படம் ஒன்று வருகிற வரை டிரைவர் காத்திருக்க வேண்டும். அதுவரை சிவப்பு லைட், பெல்ட் ஓடாது. வராவிட்டால் மறுபடி பிடித்து விட வேண்டும். இது எனக்குத் தோன்றாத யோசனை. ஒப்புக்கொள்கிறேன். என் மூளையில் இருந்தது எழுப்புவது மட்டும்தான். எழுந்துவிட்டான் என்பதற்குச் சாட்சி கேட்டது அவள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்கோப்பை மறுபடி மாட்டினோம். அக்கா சுவிட்சை இறக்கினாள். கோடு விழுந்தது. கரண்ட் திரும்பி வந்த பிறகும் அது எழவில்லை. அடிமட்டத்திலேயே சுவரோரம் படுத்த மாதிரி கிடந்தது. அப்புறம்தான் எழுந்தது. திரையில் பெல்ட்டில் கிடக்கிற அதே தாள், அதே தேதி. கொண்டாட நேரம் இருக்கவில்லை, சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு முதலாளி வந்தார். ஏஜெண்டும் வந்தார், கையில் ஒரு டைரியோடு. நான் ஏஜெண்டிடம் சுவிட்சைக் காட்டினேன்.

"நாங்க போட்டுக் காட்டுனா நம்ப மாட்டீக. நீங்களே இறக்குங்க, நீங்களே ஏத்துங்க. உங்க கை வலிக்கிற வரைக்கும்."

அவரும் சளைக்கவில்லை. பெல்ட் ஓட ஓட இறக்கினார், ஏற்றினார். திரையில் சரியான தேதி வந்தது. மறுபடி. மறுபடி. ஏழாவது தடவை வேண்டுமென்றே வேகவேகமாக இரண்டு முறை தட்டினார். கண் எழுவதற்குள் மறுபடி அடித்து வீழ்த்துகிற தட்டு.

சிவப்பு லைட் எரிந்தது. பெல்ட் நின்றது. திரை கருப்பு.

முதலாளி என்னைப் பார்த்தார். ஏஜெண்ட் டைரியைத் திறந்தார். என் வாழ்நாளில் நான் பார்த்த சிவப்பிலேயே அதுதான் நீளமான சிவப்பு. இரண்டு நொடிதான் என்று பிறகு சொன்னார்கள். நான் நம்புவதாக இல்லை.

பச்சை எரிந்தது. பெல்ட் விட்ட இடத்திலிருந்து நகர்ந்தது.

"செத்துப் போகல சார்," என்றாள் வாத்தியார் மகள், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "முதல் தடவை சரியா எந்திரிக்கல. டிரைவர் திரும்பப் பிடிச்சு விட்டிருக்கு. முழிச்சேன்னு சொல்ற வரைக்கும் ஒரு தாளையும் விடாது."

ஏஜெண்ட் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். "முழிச்சிருக்கு, சரி. சரியாப் பார்க்குதான்னு யார் சொல்றது?"

அவர் பேசி முடிக்கவில்லை, பெல்ட் மறுபடி நின்றது. சிவப்பு. இந்தத் தடவை திரை தெளிவாகவே சொன்னது: செப்டம்பர் பத்தொன்பதுக்கு அடுத்து இருபத்தொன்று வந்திருக்கிறது. எல்லோரும் திரும்பினால், அக்கா முந்தானையில் மறைத்து வைத்திருந்த ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள். இருபதாம் தேதி.

"நான்தான் உருவுனேன். பாக்குதா இல்லையான்னு கேட்டீகளே. நீங்க சுவிட்சோட வெளையாடுனீக, நான் தேதியோட வெளையாடுனேன்."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏஜெண்டிடம், "நாளைக்கு வர்ற பெட்டிய வர வேண்டாம்னு சொல்லிருங்க," என்றார்.

ஏஜெண்ட் கிளம்பும்போது என்னிடம் வந்தார். நல்ல மனுஷர்தான், தொழில் அவருக்கு. "கரண்ட் ஒழுங்கா இருந்தா இந்தத் தொல்லையெல்லாம் வேண்டியதே இல்லை," என்றார்.

"கரண்டு ஒழுங்கா இருக்கிற ஊருக்கு உங்க பெட்டி," என்றேன். "சிவகாசிக்கு என் பெட்டி."

அன்றே மற்ற பத்து அச்சகங்களுக்கும் புது டிரைவரை ஏற்றச் சொன்னேன். அங்கெல்லாம் இன்னும் கோளாறு வரவில்லையே என்றாள் அவள். வருவதற்கு முன்னால் ஏற்று என்றேன். என் கையால் மஞ்சளை அத்தனை இடத்திலும் பற்றவைத்தது நான்தானே. ஓரிடத்தில் தூங்கிய கண் இன்னோரிடத்தில் தூங்காது என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

பட்டறைச் சுவரில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. புதிய வரிசை: பிடி. பவர் கொடு. பொறு. விடு. விழித்ததா என்று பார். 'எடு' என்ற சொல்லை எந்தத் தாளிலும் எழுதக் கூடாது என்று எனக்கு நானே போட்ட உத்தரவு. தப்பென்று ஒப்புக்கொண்டு மாற்றவில்லை. தமிழ் பெரிய பாஷை, அதில் வேறு சொல் இருக்கிறது, அதனால் மாற்றினேன். டிரைவரில் அந்த வரிகளுக்கு மேலே அவளும் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறாள். அது மட்டும் தமிழ் எழுத்தில் இருக்கிறது, எனக்குப் படிக்க வரட்டும் என்று. 'ரீசெட்டைப் பிடித்து வைக்க வேண்டும், தட்டக் கூடாது. அண்ணாச்சி கெப்பாசிட்டர் வைத்திருப்பார்.'

கெர்னலுக்குள் என்னைப் பற்றி ஒரு வரி. மூட்டை தூக்கிய கெர்னலில் என் பெயரை எவனும் எழுதவில்லை.

இந்த சீசனுக்கும் அந்த அச்சகத்துக்குப் போய் வந்தேன். பின் அடிக்கிற மெஷின் உதைத்துக்கொண்டிருக்கிறது, கரண்ட் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. கேமராவுக்கு அடியில் மஞ்சள் கெப்பாசிட்டர், சுவரில் பெட்டி, பெட்டியில் ஸ்டிக்கர். எதையும் எவரும் எடுக்கவில்லை. எந்த அர்த்தத்தில் கேட்டாலும் எடுக்கவில்லை.